எல்ஃபுகள் குடியிருக்காத பாறை

எங்கள் வீட்டில் "பாறைக்குப் போறேன்" என்றால் போன் பேசப் போகிறேன் என்று பொருள். வெள்ளக்கடைக்குப் போகிற வழியில் ஒரு வளைவுக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கிறது வீடு. முன்பக்கம் காப்பிச் செடிகள். பின்பக்கம் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி. நடுவில், கொல்லையில், ஒன்றரை ஆள் உயரத்துக்கு ஒரு பாறை. வீட்டுக்குள் டவர் கிடைக்காது. ஏற்காட்டில் டவுனை விட்டுத் தள்ளி இருக்கிற வீடுகளில் இது பெரிய விஷயமே இல்லை, எல்லோருக்கும் இப்படி ஒரு இடம் உண்டு. மேல்வீட்டுக்காரர்கள் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிப் பேசுவார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் பலா மரத்தடிக்குப் போவார்கள். எங்களுக்குப் பாறை.

பாறையின் ஒரு பக்கம் படிபோல வெட்டுகள் இருந்தன. முதல் வெட்டில் நின்றால் பேசுவது பாதி விழும். இரண்டாவதில் முக்கால்வாசி விழும். உச்சியில் நின்றால் பெங்களூரில் இருக்கிற மகள் தும்முவதுகூடக் கேட்கும். மழைக்காலத்தில் உச்சிக்குப் போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவளே நான்தான்.

போன மாசி மாதம், என் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள சேலத்தில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். மொட்டை மாடியில் மிளகு காயப்போட்டிருந்தது. மதியம் தம்பி வீட்டு வாசலில் நின்று மலையைப் பார்த்தால் உச்சியில் கறுத்துக்கொண்டு நிற்கிறது. சாப்பிட உட்கார்ந்தவள் எழுந்து போய், இடது கையால் போனைப் போட்டேன். கணவர் கொல்லையில்தான் இருந்திருக்கிறார், எடுத்தார். மிளகை உள்ளே எடுத்து வையுங்கள் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் சங்கதி. அவர் ஏதோ சொன்னார், விழவில்லை. நான் சொன்னது அவருக்கு விழவில்லை. நாலு நிமிடம் இப்படியே போனது. எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும், பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

"ஒண்ணும் கேக்கலைங்க. எங்கயோ பாதாளத்துல நின்னு பேசறீங்க. மேல ஏறி நின்னு பேசுங்க" என்று கத்தினேன்.

"ஏம்புள்ள, தூறுது..." என்றார். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"தூறுதுன்னுதான சொல்றேன். ஏறுங்க மேல."

பிறகு லைன் போய்விட்டது. நான் மறுபடி கூப்பிடவில்லை. அவரே கூப்பிடட்டும் என்று வந்து உட்கார்ந்து, தயிர்ச்சோறு பிசைந்து, மாவடு வைத்துச் சாப்பிட்டேன். சாப்பாடு நன்றாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எங்கள் தோட்டத்துக்குக் களை எடுக்கவும் மிளகு பறிக்கவும் மாரமங்கலத்திலிருந்து வருகிற அம்மாதான், யாரோ ஒரு ஜீப்காரரின் போனில் பேசினார். "அம்மா, ஐயா பாறையிலருந்து உழுந்துட்டாருங்க, கீழ கொண்டாறோமுங்க" என்றார். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி வண்டி கீழே வந்து சேர்ந்தபோது, ஆஸ்பத்திரி வாசலில் நான் தயாராக நின்றிருந்தேன். உயிர் வழியிலேயே போய்விட்டிருந்தது, டாக்டருக்குக்கூட அங்கே வேலை இருக்கவில்லை.

எப்படி விழுந்தார் என்று எல்லோரும் கேட்டார்கள். "பாசி வழுக்கிருச்சு" என்றேன். அதுவும் உண்மைதான். மழையில் எதற்கு ஏறினார் என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கு நேரம் வந்துவிட்டது என்றார்கள். நானும் தலையாட்டினேன். யார் ஏறச் சொன்னது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகளிடம் சொல்லவேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னால் அவளும் போய்விடுவாள் என்று பயமாக இருந்தது.

அழுகை வரவில்லை. உண்மையில் எதுவுமே வரவில்லை. சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் நம்முடையதாகவே இருக்காதே, அந்த மாதிரி உடம்பு மொத்தமும் இருந்தது. பதினாறாம் நாள் காரியத்தில் புடவை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். தம்பி சேலத்துக்கே வந்துவிடு என்றான், சரி என்றேன். போகவில்லை. மகள் பெங்களூருக்கு வா என்றாள், அதற்கும் சரி என்றேன். போகவில்லை. யார் என்ன சொன்னாலும் சரி என்று சொல்லிவிட்டால் பேச்சு சீக்கிரம் முடிகிறது.

நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவள். சித்திரை கடைசியில் சென்னையிலிருந்து ஒரு பதிப்பகம் வேலை அனுப்பியது. வடதேசத்துப் பழைய நம்பிக்கைகளைப் பற்றிய புத்தகம். நார்வே, ஐஸ்லாந்து அந்தப் பக்கம். முக்கால் புத்தகம் எல்ஃபுகளைப் பற்றி. வேறு நாளாக இருந்தால் இந்த வயதில் இதெல்லாம் எனக்கெதற்கு என்று எரிந்து விழுந்திருப்பேன். அப்போது சரி என்றேன். ஒரு நாளைக்கு நாலு பக்கம். கை பாட்டுக்கு ஓடும். வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி டவுனுக்குப் போய், ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மெயில் அனுப்பிவிட்டு வருவேன்.

பதிப்பகத்தில் இருந்த பையன் எல்ஃபைக் குட்டித் தேவதை என்று போடலாமா என்று கேட்டான். குட்டியும் இல்லை, தேவதையும் இல்லை, புத்தகத்தைப் படித்துவிட்டுப் பேசு தம்பி என்றேன். எனக்கு எட்டு மாதத்தில் வந்த ஒரே கோபம் அதுதான் என்று நினைக்கிறேன். கூம்புத் தொப்பி போட்டுக்கொண்டு காளான் மேல் உட்காருகிற ஆட்கள் எல்லாம் பின்னால் வந்தவர்கள். அந்த ஊர்ச் சனங்கள் பழைய காலத்தில் நம்பிய எல்ஃபுகள் மனிதர் அளவே இருப்பார்கள், மனிதரைவிட அழகாக இருப்பார்கள். பாறைக்குள்ளும் மண்மேட்டுக்குள்ளும் அவர்களுக்கு வீடு உண்டு, மாடு கன்று உண்டு, கல்யாணம் காட்சி உண்டு. நம் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள், அவ்வளவுதான். வாசலில் வெந்நீரைக் கொட்டுவதற்கு முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள் என்று அவர்களுக்குக் குரல் கொடுக்கவேண்டும். ரோடு போடும்போது அவர்கள் குடியிருக்கிற பாறை குறுக்கே வந்தால் ரோட்டைத்தான் வளைக்கவேண்டும். பாறையில் கை வைத்தால் இயந்திரம் உடையும், ஆளுக்குக் காயம் படும். இந்தக் காலத்திலும் அப்படி ரோடு வளைந்து போகிற இடங்கள் அங்கே இருக்கின்றனவாம்.

இன்னொரு அத்தியாயம் நோயைப் பற்றி. நன்றாக இருந்த மனிதனுக்கு விலாவில் திடீரென்று குத்துகிறது, மாடு காரணமில்லாமல் சுருண்டு விழுகிறது. எல்ஃப் அம்பு விட்டுவிட்டது என்பார்களாம். மருந்து உண்டு, மந்திரம் உண்டு. ஆனால் அதைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்குத் தோன்றியது வேறு. எல்ஃப் அடித்துவிட்டது என்று சொல்லிவிட்டால், அந்த வீட்டில் அப்புறம் யாரும் யாரையும் பார்த்து நீ என்ன செய்தாய் என்று கேட்கவேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு. எழுதிவிட்டு எழுந்துபோய் ரசம் வைத்தேன்.

மகள் அப்போதெல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள் சாயந்திரம் ஆறு மணிக்குக் கூப்பிடுவாள். நான் பாறையின் முதல் வெட்டில் நின்று பேசுவேன், அதற்கு மேல் கால் ஏறாது. பாதிதான் விழும். பாதியே போதும் என்றிருந்தது எனக்கு. ஐப்பசி மாதம் ஒருநாள், "அம்மா, அந்தப் பாறைய எடுத்துரலாம்" என்றாள். அந்த வாக்கியம் மட்டும் முழுசாக விழுந்தது. "அது அப்பாவை எடுத்துருச்சு. நீ தினம் அது முகத்துல முழிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. உடைச்சுத் தள்ளிட்டு அங்க ஒரு செட் போட்டுக்கலாம், கார் நிறுத்த ஆகும்."

"போன் எங்க நின்னு பேசறது?"

"மேல ரோட்டுக்கு வந்து பேசு. ஒண்ணும் ஆயிராது."

சரி என்றேன். அன்று ராத்திரி எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது, அதையும் சொல்லிவிடவேண்டும். பாறையே போய்விட்டால் அதில் யார் யாரை ஏறச் சொன்னது என்ற கேள்வியும் போய்விடும் என்று என் மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டிருக்கிறது. கேவலமான மூலை.

கார்த்திகை பிறந்த முதல் வாரம் மகள் வந்தாள். மறுநாள் காலை பனி விலகுவதற்கு முன்னாலேயே பாறை உடைக்கிற பிரேக்கர் மாட்டிய வண்டி வந்துவிட்டது. சேலத்து டிரைவர், முப்பத்தைந்து வயது இருக்கும். வண்டியைப் பின்பக்கம் கொண்டுவர நாலு காப்பிச் செடிகளை மிதித்துவிட்டு, அதற்கு மன்னிப்பும் கேட்டார். பாறைக்கு எதிரே நிறுத்தி, பிரேக்கர் கையைத் தூக்கியவர், அப்படியே இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"ஏனுங்கம்மா, இது சாமிக் கல்லுங்களா?"

பாறையின் அந்தப் பக்கம், அடிவாரத்தில், ஒரு கை அகலத்துக்கு மஞ்சள் பூசி நடுவில் குங்குமம் வைத்திருந்தது. காய்ந்த இரண்டு செவ்வந்திப் பூ. நான் அந்தப் பக்கம் போவதே இல்லை, அதனால் பார்த்ததில்லை.

"யாரு பூசுனது?" என்று மகள் கத்தினாள். என் கோபம் அப்படியே அவளுக்கு இருக்கிறது.

காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த மாரமங்கலத்து அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். "நானுங்க கண்ணு. ஐயா உழுந்த எடமுங்களே. வெறுங்கல்லா உட்டா அடுத்து ஆரயாச்சும் கூப்புட்டுக்கும். அதான் வெள்ளிக்கெழமையில ஒரு பொட்டு வெச்சு உட்டேனுங்க."

"இதெல்லாம் சாமி இல்லைங்க, நீங்க உடைங்க" என்றாள் மகள் டிரைவரிடம்.

டிரைவர் அசையவில்லை. "கண்ணு, நீங்க சின்னவிங்க. ஊட்டுக்காரங்க பெரியவிங்க இருக்காங்கல்ல, அவங்க ஒரு வார்த்தை சொல்லோணும். சாமி இல்லைன்னு அம்மா சொல்லிட்டா, ரெண்டு மணி நேரத்துல அடிச்சுத் தள்ளிட்டுப் போயிருவேன். மஞ்சத் தண்ணி பட்ட கல்லுங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்குது. நாளைக்கு ஒண்ணுன்னா பழி எம்மேல உழுகக் கூடாது பாருங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ரோட்டை வளைத்துக்கொண்டு போன வடதேசத்துக்காரர்களைப் பற்றிப் போன மாதம்தான் எழுதி முடித்திருந்தேன். சிரிப்பு வந்திருக்கவேண்டிய இடம். வரவில்லை. ஆமாம், சாமிக் கல்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டி திரும்பிப் போய்விடும், பாறை காலத்துக்கும் பழியைச் சுமந்துகொண்டு அங்கேயே நிற்கும். சாமி இல்லை என்று சொன்னால் பாறை தூளாகும், பழியும் அதோடு போய்விடும். இரண்டில் எதைச் சொன்னாலும் நான் தப்பித்துக்கொள்வேன். எட்டு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மகளுடைய முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்து, இளைத்துப்போய், ஒரு கல்லோடு சண்டைக்கு வந்து நிற்கிறாள். என் பிள்ளை. எனக்குத் தாங்கவில்லை.

"சாமியும் இல்ல, பேயும் இல்லைங்க" என்றேன். டிரைவரிடம்தான் சொன்னேன், மகளைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. "அது வெறும் பாறை. அன்னிக்கு நான்தான் சேலத்துலருந்து போன் பண்ணேன். மிளகை எடுத்து வைக்கச் சொல்றதுக்கு. அவர் கீழதான் நின்னாரு. தூறுதுன்னு சொன்னாரு. நான்தான் மேல ஏறுங்கன்னு கத்துனேன். ஏறுனாரு. அவ்வளவுதான். பாறை ஒண்ணும் பண்ணல."

டிரைவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், ஒரு கல்லை உடைக்க வந்த மனிதர்.

"அப்ப... உடைக்கறதுங்களா, வேண்டாங்களா?" என்றார்.

"வேண்டாங்க" என்றேன். மகள் உள்ளே போய்விட்டாள்.

மகள் சமையலறையில், காஸ் அடுப்புக்கு முன்னால், அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றிருந்தாள். நான் நிலைக்கதவுக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள், திரும்பாமல். "அப்பா போன் எங்கிட்டதான இருக்கு. கடைசி கால் உன்னோடது. நாலு நிமிஷம். அன்னிக்கே பார்த்துட்டேன்."

எட்டு மாதமாக நான் மூடி வைத்திருந்த பெட்டியின் சாவி அவளிடம் இருந்திருக்கிறது.

"தெரிஞ்சுமா பாறைய உடைக்கணும்னு நின்ன?"

"பின்ன என்னம்மா பண்றது? உன் மேல கோவப்பட்டா எனக்கு அப்புறம் யாரு இருக்கா? கல்லு மேல கோவப்பட்டா கல்லு ஒண்ணும் சொல்லாது." இப்போது திரும்பிப் பார்த்தாள். "நீயா சொல்வேன்னு பார்த்தேன். ஒவ்வொரு தடவை போன் பண்றப்பவும் இன்னிக்குச் சொல்லிருவேன்னு பார்த்தேன். நீ பாட்டுக்கு சரி சரிங்கற."

அடுப்பை விட்டு என் பக்கம் ஓரடி வந்தாள்.

"லைன் கட்டானதும் ஏம்மா திரும்பக் கூப்பிடல? அடுத்த கால் உங்கிட்டருந்து வரவே இல்ல. ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் நீ என்ன பண்ணிட்டு இருந்த?"

"சாப்பிட்டுட்டு இருந்தேன்."

அவள் அப்படியே பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளே போய்ப் பையை எடுத்தாள். மறுநாள்தான் கிளம்புவதாக இருந்தது, அன்றைக்கே மதியப் பஸ்ஸில் போய்விட்டாள். சாப்பிடவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்ல வாயெடுத்து, அந்தச் சொல்லை அன்று அந்த வீட்டில் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் போன் வரவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு மணிக்குப் போய்ப் பாறையின் முதல் வெட்டில் நிற்பேன். ஏழு மணிவரை நிற்பேன். நானே கூப்பிட்டிருக்கலாம். எந்த முகத்தோடு கூப்பிடுவது? பனியில் ஸ்வெட்டர் நனைந்துபோய் இறங்கி வருவேன். கார்த்திகை முழுக்க இப்படி, மார்கழி முழுக்க இப்படி. மரத்துப்போன காலுக்கு உணர்வு திரும்பும்போது முதலில் ஊசி ஊசியாகக் குத்துமே, அது ஆரம்பித்திருந்தது. பல் துலக்கும்போது குத்தும். பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போது குத்தும். தயிரைக் கண்டால் எழுந்து போய்விடுவேன்.

புத்தகத்தில் கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தது. அந்த நாட்டில் குளிர் தொடங்குகிற சமயத்தில் வீட்டுக்கு வீடு எல்ஃபுகளுக்குப் படையல் போடுவார்களாம். அன்றைக்கு வெளி ஆளுக்கு உள்ளே அனுமதி கிடையாது. எவ்வளவு குளிராக இருந்தாலும், வழிப்போக்கன் கதவைத் தட்டினால் வீட்டுக்காரி வாசலிலேயே நின்று, இன்றைக்கு எங்கள் வீட்டில் படையல், உள்ளே வராதே, போ என்று அனுப்பிவிடுவாளாம். இறுகிய மனசுக்காரி என்று அவளை யாரோ ஒரு பழங்காலத்துக் கவிஞன் திட்டி வைத்திருக்கிறான். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களை எல்லாம் நானும் அப்படித்தான் அனுப்பியிருக்கவேண்டும்.

அந்த எல்ஃபுகள் யார் என்றும் ஒரு பக்கம் இருந்தது. செத்துப்போன முன்னோர்கள்தான் என்று ஒரு கட்சி. ஒரு ராஜா செத்து, மேட்டுக்குள் புதைத்த பிறகு, சனங்கள் அவனையே எல்ஃப் என்று சொல்லி, விளைச்சல் நன்றாக வரவேண்டும் என்று அவனுக்கே படைத்தார்களாம். அதை எழுதிய அன்று வெள்ளிக்கிழமை. மாரமங்கலத்து அம்மா கொல்லையிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏனுங்கம்மா, பொட்டு வெக்கட்டுங்களா, உட்டுரட்டுங்களா?"

"அந்தப் பாறை ஐயாவை எடுக்கலன்னு அன்னிக்கே சொன்னேனே."

"அது தெரியுமுங்க. ஆனா ஐயா நின்னு பேசுன எடம் அதுதானுங்களே. எங்களுக்கெல்லாம் அங்க நின்னுதான் கூப்புடுவாரு. நொம்ப நல்ல மனுசருங்க. அவருக்குன்னு வெச்சுக்குங்க."

"வையுங்க" என்றேன். வைத்தார். அன்றைக்குச் செய்த பணியாரத்தில் இரண்டை ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து நானும் கொண்டுபோய் அந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவருக்குப் பணியாரம் பிடிக்கும். எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. குரங்கு வந்து தின்றுவிட்டுப் போனது.

மொழிபெயர்ப்பை அனுப்பி முடித்தேன். நம் ஊரிலும் இப்படி நம்பிக்கைகள் உண்டா, முன்னுரையில் ஒரு பக்கம் எழுதுங்கள் என்று பதிப்பகத்துப் பையன் கேட்டான். எழுதினேன். படித்துப் பார்த்தால் அது முன்னுரையாக இல்லை. அழித்துவிட்டு, நம் ஊரிலும் உண்டு என்று ஒரே வரி எழுதி அனுப்பினேன்.

தை பிறந்து மூன்றாம் வாரம், மிளகுப் பறிப்பு தொடங்கி மூன்றாம் நாள். மொட்டை மாடியில் பாய் விரித்துக் காயப்போட்டிருந்தோம். சாயந்திரம் மேற்கே லேசாகக் கறுத்தது. வழக்கம்போல ஆறு மணிக்குப் போய் முதல் வெட்டில் நின்றேன். கையில் போன் அதிர்ந்தது. மகள்.

"அம்மா" என்றாள். பிறகு கரகரவென்று சத்தம். "...ன பண்ற... ளிருதா..." பாதிதான் விழுந்தது, எப்போதும் போல.

"நல்லாருக்கியா சாமி? கேக்குதா?" என்றேன். தூறல் ஒன்றிரண்டு முகத்தில் விழுந்தது. அவளுக்குக் கேட்கவில்லை போல, மௌனமாக இருந்தது. லைன் போய்விடப்போகிறது என்று பயம் வந்துவிட்டது. இவ்வளவு நாள் கழித்துக் கூப்பிட்டிருக்கிறாள், போனால் திரும்ப வருமோ வராதோ. "இரு, இரு, மேல ஏறிக்கறேன்" என்று அடுத்த வெட்டில் காலைத் தூக்கி வைத்தேன்.

"அம்மா, வேண்டாம்." அது தெளிவாக விழுந்தது. "ஏறாத. அங்கயே நில்லு. எனக்கு நல்லா கேக்குது."

காலை எடுத்துக் கீழே வைத்தேன்.

"சாப்பாடெல்லாம் ஒழுங்கா சாப்பிடறியா? இளைச்சுப் போயிருந்தியே" என்றேன்.

"ஆமாம்மா" என்றாள். "இங்கயும் குளிருதான்."

நான் கேட்டதில் ஒரு வார்த்தைகூட அவளுக்கு விழவில்லை. கேட்கிறது என்று சொல்கிறாள். நான் அவள் அப்பாவுக்குச் சொல்லியிருக்கவேண்டியது அதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினோரு மாதமாக வராத அழுகை, மூக்கு ஒழுகி, முந்தானையில் துடைத்து, நிற்கவே முடியாமல் பாறையில் சாய்ந்துகொண்டு அழுதேன். அவள் லைனை வைக்கவில்லை. அழுகிற சத்தம் அவளுக்குப் போயிருக்காது.

"ம்... சொல்லும்மா" என்றாள் நடுவில் ஒருமுறை. "கேக்குது, சொல்லு."

நின்ற இடத்திலேயே நின்று சொன்னேன். இந்த வருஷம் கொடியில் நன்றாகக் காய்த்திருக்கிறது என்றேன். உன் அப்பா நட்ட கொடிதான் நிறையக் காய்த்திருக்கிறது என்றேன். மழை வருகிற மாதிரி இருக்கிறது, மாடியில் மிளகு காய்கிறது, நனைந்தால் நனையட்டும் என்றேன்.